அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்: மெசலமைன் மருந்தைச் சரியாக எடுப்பது எப்படி?

பெருங்குடலில் புண் இருக்கிறது, அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்று டாக்டர் சொல்லி, மருந்துச் சீட்டோடு வீட்டுக்கு வந்திருப்பவர்களுக்கு இந்த விளக்கம். லேசான, நடுத்தர அளவிலான நோய்க்கு முதலில் எழுதித் தருவது பெரும்பாலும் மெசலமைன்தான். சீட்டில் மெசலசைன் என்றோ 5-ஏஎஸ்ஏ என்றோ இருந்தாலும் மருந்து ஒன்றே.

இது புண்ணான குடல் சுவரில் நேராகப் பட்டுத்தான் அழற்சியைத் தணிக்கிறது. மருந்து அந்த இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும், போனபின் அங்கே தங்க வேண்டும். கீழே வரும் விதிகளில் பாதி இதற்காகத்தான்.

படி 1: கையில் இருப்பது என்ன என்று பாருங்கள்

சீட்டையும் மாத்திரை அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெயர், ஒரு மாத்திரையில் எத்தனை மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை, எந்த வேளை. நோய் கிளம்பியிருக்கும்போது பெரியவர்களுக்கு வழக்கமான அளவு நாளைக்கு 2 முதல் 4.8 கிராம்வரை. 4.8 கிராம் என்றால் 1.2 கிராம் மாத்திரையில் நான்கு. அதுவே 400 மில்லிகிராம் மாத்திரையில் பன்னிரண்டு. எண்ணிக்கையைப் பார்த்துப் பயந்து நீங்களாகக் குறைத்துவிடாதீர்கள். மொத்த அளவை ஒரே வேளையில் எடுக்கலாமா என்று கேளுங்கள். பலருக்கு அது ஒத்துவரும், மறதியும் குறையும்.

மருந்துக் கடையில் வேறு பிராண்டு கொடுத்தால் டாக்டரைக் கேட்காமல் மாற்றாதீர்கள். மில்லிகிராம் ஒன்றாக இருந்தாலும் மேல்பூச்சு வேறாக இருக்கலாம். பூச்சு மாறினால் மருந்து குடலில் வெளிவரும் இடமும் மாறும்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிட வேண்டும். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபினாக், நாப்ராக்சென் போன்ற வலி மாத்திரைகளையும் அழற்சி குறைக்கும் மருந்து என்றுதான் சொல்வார்கள். அவை இந்த நோய்க்கு மருந்து அல்ல. தணிந்த கொலைட்டிஸைச் சிலருக்குக் கிளப்பிவிடும். மெசலமைனோடு சேர்ந்தால் சிறுநீரகத்துக்கும் சுமை. தலைவலி, காய்ச்சலுக்கு என்ன எடுக்கலாம் என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். பெரும்பாலும் பாராசிட்டமால் என்றுதான் பதில் வரும்.

படி 2: முதல் மாத்திரைக்கு முன் சொல்ல வேண்டியவை

ஆஸ்பிரின் ஒவ்வாமை இருந்தால் அதை முதலில் சொல்லுங்கள். மெசலமைனும் அதே சாலிசிலேட் குடும்பம். சிறுநீரகம், கல்லீரல், இதயம் ஆகியவற்றில் பழைய தொந்தரவு ஏதும் இருந்தால் சொல்லுங்கள். நோய் எதிர்ப்பை அடக்கும் அசதையோபிரின் எடுத்தாலும் சொல்லுங்கள்; மெசலமைனோடு சேரும்போது வெள்ளையணுக்கள் குறைய வாய்ப்பு கூடுவதால் ரத்த எண்ணிக்கையை அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கும்.

சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையை, மருந்தைத் தொடங்கும் முன்பே செய்துவிடுங்கள். அரிதாக இந்த மருந்து சிறுநீரகத் திசுவில் அழற்சியை உண்டாக்கும், அதுவும் வெளியே அறிகுறி காட்டாமல். முதல் எண் கையில் இருந்தால்தான் பின்னால் வரும் எண் ஏறியிருக்கிறதா என்று தெரியும். இரண்டு மூன்று மாதம் கழித்து ஒருமுறை, பிறகு குறைந்தது ஆண்டுக்கு ஒருமுறை பார்ப்பது வழக்கம்.

படி 3: மாத்திரையை முழுதாக விழுங்குங்கள்

கடிக்க வேண்டாம், உடைக்க வேண்டாம், பொடிக்க வேண்டாம். பூச்சு இல்லாத மெசலமைன் சிறுகுடலின் மேல்பகுதியிலேயே உறிஞ்சப்பட்டு ரத்தத்துக்குப் போய்விடும், பெருங்குடலுக்கு அதிகம் மிஞ்சாது. அதனால்தான் பல பிராண்டுகளின் பூச்சு வயிற்று அமிலத்தில் கரையாமல், அமிலத்தன்மை குறைந்த கடைசிச் சிறுகுடலில், பிஎச் 7-ஐ ஒட்டிக் கரையும்படி செய்யப்படுகிறது. மாத்திரையை உடைத்தால் அந்த ஏற்பாடு முழுக்க வீண். தண்ணீரில் கரைத்து எடுக்கக்கூடிய வகையும் உண்டு. ஆனால் உங்கள் மருந்தின் குறிப்புத் தாளில் அப்படிப் போட்டிருந்தால் மட்டும் செய்யுங்கள். குருணையாக வரும் பாக்கெட்டை நாக்கில் கொட்டி, மெல்லாமல் தண்ணீரோடு விழுங்க வேண்டும்.

உணவுக்கு முன்னா பின்னா என்பது பிராண்டுக்குப் பிராண்டு மாறும், தாளைப் பாருங்கள். அமிலம் குறைக்கும் மருந்தோ, மலச்சிக்கலுக்கு லாக்டுலோஸோ எடுப்பவர்கள் அதை டாக்டரிடம் சொல்லுங்கள். குடலின் அமிலத்தன்மை மாறினால் பூச்சு கரையும் இடமும் மாறலாம்.

மலத்தில் எப்போதாவது வெறும் ஓடு தெரிந்தால் கவலை வேண்டாம், உள்ளே இருந்த மருந்து இறங்கியிருக்கும். முழு மாத்திரையே திரும்பத் திரும்ப வந்தால் சொல்லுங்கள், வேறு வகை தேவைப்படும்.

ஒரு வேளை மறந்துவிட்டால் நினைவு வந்ததும் எடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள். இரட்டிப்பாக எடுக்கக் கூடாது. தண்ணீர் நன்றாகக் குடியுங்கள், இந்த மருந்தாலேயே சிறுநீரகக் கல் உண்டானதும் உண்டு.

படி 4: சப்போசிட்டரியும் எனிமாவும்

சப்போசிட்டரி என்பது ஆசனவாய் வழியாக உள்ளே வைக்கும் மருந்துக் குளிகை; எனிமா என்பது அதே வழியாக உள்ளே செலுத்தும் திரவ மருந்து. கூச்சத்தால் பலர் தவிர்ப்பது இவற்றைத்தான். ஆனால் புண் மலக்குடலில் மட்டும் இருந்தால் மாத்திரையைவிட சப்போசிட்டரி நன்றாகக் கேட்கும். நோய் இடப்பக்கக் குடல்வரை ஏறியிருந்தால் மாத்திரையும் எனிமாவும் சேர்ந்து எடுப்பது தனித்தனியாக எடுப்பதைவிட நல்ல பலன் தரும்.

சப்போசிட்டரி, வழக்கமாக 1 கிராம், படுக்கும் நேரத்தில். மலம் கழித்துவிட்டு வாருங்கள். உறையைப் பிரித்ததும் கையில் வைத்துக்கொண்டிருக்காதீர்கள், உடல் சூட்டில் இளகும். வழுக்கலுக்குச் சிறிது தண்ணீர் போதும். கூர்முனை முதலில் போக வேண்டும், தசை வளையத்தைத் தாண்டி உள்ளே. குறைந்தது ஒன்று முதல் மூன்று மணி நேரம் தங்க வேண்டும்.

எனிமாவும் இரவில்தான். பாட்டிலை நன்றாகக் குலுக்குங்கள். மருந்து அடியில் படிந்திருக்கும், குலுக்காவிட்டால் மேலே உள்ள தெளிந்த நீர்தான் உள்ளே போகும். பழைய துண்டு ஒன்றை விரித்து இடப்பக்கமாகப் படுங்கள். இடக்கால் நீட்டியிருக்கட்டும், வலது முழங்காலை வயிற்றை நோக்கி மடக்குங்கள். பெருங்குடலின் கடைசிப் பகுதி இடப்பக்கம் இருப்பதால் இந்த நிலையில் மருந்து தானே மேலே ஓடும். நுனியைத் தொப்புளை நோக்கிச் சாய்த்து மெல்ல நுழைத்து, நிதானமாகப் பிழியுங்கள். பிழிந்த கையைத் தளர்த்தாமலே பாட்டிலை வெளியே எடுங்கள். தளர்த்தினால் போன மருந்தை அதுவே திரும்ப இழுத்துக்கொள்ளும். அரை மணி நேரம் அப்படியே படுத்திருந்துவிட்டு, இரவு முழுக்க உள்ளே தங்கவிடுங்கள்.

முதல் சில நாள் தங்காமல் வந்துவிடலாம். புண்ணான மலக்குடல் சட்டென்று சுருங்கும், மருந்து குளிர்ச்சியாக இருந்தாலோ வேகமாகப் பிழிந்தாலோ இன்னும் சீக்கிரம் தள்ளிவிடும். பத்து நிமிடம் தங்கினாலும் மறுநாள் தொடருங்கள், அழற்சி குறையக் குறையத் தங்கும் நேரம் கூடும். இரண்டு வாரமாகியும் முடியவில்லை என்றால் நுரை வகை பற்றிக் கேளுங்கள்.

திரவம் லேசாக மங்கியிருந்தால் பரவாயில்லை, கரும்பழுப்பானால் தூக்கிப் போடுங்கள். துணியில் கறை படியும். சில எனிமாக்களில் சல்ஃபைட் இருக்கும், ஆஸ்துமா உள்ளவர்கள் முதலிலேயே சொல்ல வேண்டும்.

படி 5: முதல் சில வாரம் கவனமாக இருங்கள்

பெரும்பாலும் 2 முதல் 4 வாரத்தில் ரத்தம் குறைவது தெரியும். முழுப் பலனுக்கு 8 வாரம் ஆகலாம்.

ஒன்றை மட்டும் நன்றாக மனத்தில் வையுங்கள். சிலருக்கு இந்த மருந்தே ஒத்துக்கொள்ளாது. வயிற்றுப் பிடிப்பு, ரத்தத்தோடு பேதி, சில சமயம் காய்ச்சல், தலைவலி, தடிப்பு என்று வரும். பார்த்தால் நோய் முற்றியதுபோலவே இருக்கும், அளவைக் கூட்டத் தோன்றும். மருந்து தொடங்கிய நாளிலிருந்து நிலைமை மோசமானால் நீங்களாகக் கூட்டாதீர்கள், உடனே டாக்டரை அழையுங்கள். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், முதுகுவரை பாயும் மேல்வயிற்று வலி, காரணமில்லாத தொண்டைப்புண்ணோடு காய்ச்சல், அடிபடாமலே தோலில் வரும் ரத்தக்கட்டு, இவற்றுக்கும் அதே விதிதான்.

சல்ஃபாசலசைன் எழுதியிருந்தால்

இது பழைய மருந்து. குடல் பாக்டீரியா இதை இரண்டாக உடைக்கும். ஒரு பாதி மெசலமைன், மறு பாதி சல்ஃபா. சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆகாது. உணவோடு, சிறிய அளவில் தொடங்கி ஏற்றுவார்கள். சிறுநீர் ஆரஞ்சாகும், மென் காண்டாக்ட் லென்ஸ் கறைபடும். ஃபோலிக் அமிலம் தனியாக வேண்டும். ஆண்களுக்கு விந்தணு குறையும், நிறுத்தினால் சில மாதத்தில் மீளும். முதல் மூன்று மாதம் ரத்த எண்ணிக்கையும் கல்லீரல் பரிசோதனையும் அடிக்கடி பார்க்க வேண்டும்.

படி 6: ரத்தம் நின்றபின் நிறுத்தாதீர்கள்

நன்றாக இருக்கிறதே என்று மாத்திரையை விடுவதுதான் மிகவும் பயப்பட வேண்டிய தவறு. 2003-ல் வெளியான ஓர் ஆய்வில், நோய் தணிந்த நிலையில் மாத்திரையை ஒழுங்காக எடுக்காதவர்களுக்கு நோய் திரும்பும் ஆபத்து ஐந்து மடங்குக்கும் மேல் என்று தெரிந்தது. கர்ப்பம் என்று தெரிந்தாலும் நீங்களாக நிறுத்தாதீர்கள்; மெசலமைனைப் பெரும்பாலும் தொடரலாம், நோய் கிளம்பினால்தான் குழந்தைக்குக் கூடுதல் ஆபத்து.

இடையில் பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு கொடுத்தால் அதன் விதி வேறு. காலையில், உணவோடு. சொன்ன அட்டவணைப்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும். சில வாரம் எடுத்தபின் திடீரென்று விட்டால், உடல் தானே சுரக்கும் கார்ட்டிசால் போதாமல் மயக்கம், வாந்தி, ரத்த அழுத்தச் சரிவுவரை போகலாம்.

எப்போது மருத்துவமனைக்கு ஓட வேண்டும்

நாளைக்கு ஆறு முறை அல்லது அதற்கு மேல் ரத்தத்தோடு போகிறது, கூடவே 100 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சலோ, நிமிடத்துக்கு 90-ஐத் தாண்டிய நாடித்துடிப்போ இருக்கிறது என்றால் அன்றே போங்கள். வயிறு உப்பி இறுகினாலும் அப்படித்தான். அந்த நிலையில் லோப்பரமைடு போன்ற பேதி நிறுத்தும் மாத்திரையைப் போடாதீர்கள், குடல் ஆபத்தான அளவுக்கு விரிந்துவிடலாம். எடுத்துவரும் எல்லா மருந்து அட்டைகளையும் கடைசி ரத்தப் பரிசோதனைத் தாளையும் கையோடு கொண்டுபோங்கள்.