பெருவுக்கு முதல் பயணமா? உயரத்தை வைத்துத் திட்டமிடுங்கள்

பெருவின் மலை நகரமான குஸ்கோவின் விமான நிலையத்தில் இறங்கி, விடுதிக்குப் போய், பெட்டியோடு மாடிப்படி ஏறினேன். இருபது படிகூட இருக்காது, மூச்சு இரைத்தது. மாலைக்குள் நெற்றிப்பொட்டில் யாரோ இடைவிடாமல் தட்டுவது போலத் தலைவலி. சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டல். ஆசையாய்ப் போன ஊரில் முதல் இரண்டு நாட்கள் போர்வைக்குள் கழிந்தன.

குஸ்கோ கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டியைவிட ஆயிரம் மீட்டருக்கும் மேல். அந்த எண் எனக்கு முன்பே தெரியும். உடம்பு அதை எப்படி எடுத்துக்கொள்ளும் என்பதுதான் தெரியாமல் போயிற்று. முதன்முறை பெருவுக்குப் போகிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: வரைபடத்தில் தூரத்தை அளப்பதற்கு முன்னால் ஒவ்வோர் ஊரின் உயரத்தையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பானியர்கள் வருவதற்கு முன் இந்த மலைகளை ஆண்ட இன்காக்களின் வேளாண்மையே உயரக் கணக்கில் நடந்தது. வெப்பமான தாழ்வில் கோகா, பள்ளத்தாக்கில் மக்காச்சோளம், அதற்கு மேலே உருளைக்கிழங்கு, உச்சிப் புல்வெளியில் லாமாவும் அல்பாகாவும். நம் பயணத்தையும் அதே கணக்கில் அடுக்கலாம்.

படி 1: காகித வேலை

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்குப் பெரு விசா வேண்டும். ஆனால் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஷெங்கன் நாடுகள் இவற்றில் ஒன்றின் விசா குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருந்தால், அல்லது அங்கே நிரந்தரமாக வசிக்கும் உரிமை இருந்தால், சுற்றுலாவுக்குத் தனி விசா தேவையில்லை. விதிகள் மாறக்கூடியவை. டிக்கெட் வாங்குவதற்கு முன் டெல்லியில் உள்ள பெரு தூதரகத்தின் அறிவிப்பைப் படித்துவிடுங்கள். இந்தியாவிலிருந்து நேரடி விமானம் கிடையாது. அமெரிக்கா வழியாகப் போனால், விமானம் மாறுவதற்கு மட்டுமே இறங்கினாலும் அந்நாட்டு விசா வேண்டும்.

பலர் கோட்டை விடுவது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியில். பெருவிலிருந்து இந்தியா திரும்புகிறவர்களிடம் இந்தச் சான்றிதழைக் கேட்பார்கள். இல்லையென்றால் தனிமைப்படுத்தும் அதிகாரம் விமான நிலைய அதிகாரிகளுக்கு உண்டு. ஊசி போட்டுப் பத்து நாள் ஆன பிறகுதான் சான்றிதழ் செல்லும். அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே போடுவார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் அவற்றில் ஒன்று. அறுபது வயதைக் கடந்தவர்களும் கர்ப்பிணிகளும் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள்.

படி 2: மாதம்

மே முதல் செப்டம்பர் வரை மலைப்பகுதியில் வறண்ட காலம். பகலில் பளிச்சென்ற வெயில், இரவில் கடுங்குளிர். மழை நவம்பரில் தொடங்கி மார்ச் வரை பெய்யும். இன்காக்களின் மலை நகரமான மாச்சு பிச்சுவுக்கு நான்கு நாள் நடந்து போகும் இன்கா பாதையைப் பிப்ரவரி முழுவதும் மூடிவிடுவார்கள். ஜூன் 24 அன்று குஸ்கோவில் சூரியத் திருவிழாவான இந்தி ரைமி நடக்கும். அந்த வாரம் விடுதி கிடைப்பது கடினம். என் தேர்வு மே மாதம். மழை விட்டிருக்கும், மலையில் பச்சை மிச்சமிருக்கும்.

படி 3: ஊர்களை அடுக்குவது

பன்னிரண்டு இரவுகள் கையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

லிமாவில் ஓர் இரவு. கடலோரத் தலைநகரம், உயரச் சிக்கல் இல்லை. லார்கோ அருங்காட்சியகத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள். இன்காப் பேரரசு ஓங்கியிருந்தது ஏறக்குறைய நூறு ஆண்டுகள்தான். 1532இல் ஸ்பானியர்கள் கஹமார்க்காவில் மன்னன் அதாவால்பாவைச் சிறைபிடித்தார்கள். அதற்கு முன்பே மோச்சே, நாஸ்கா, சிமு என்று எத்தனையோ மக்கள் அந்த மண்ணில் வாழ்ந்திருக்கிறார்கள். அருங்காட்சியகத்தில் அவர்களுடைய மண்பாண்டங்களைப் பார்த்துவிட்டு மலை ஏறினால் கண்ணுக்கு ஒரு பயிற்சி கிடைக்கும்.

மறுநாள் குஸ்கோவுக்கு விமானம். இறங்கியதும் ஊருக்குள் போகாதீர்கள். வாடகைக் காரில் நேராகப் பள்ளத்தாக்கிலுள்ள ஒயாந்தாய்தாம்போவுக்கு இறங்கிவிடுங்கள். ஏறத்தாழ இரண்டு மணி நேரம். அந்த ஊர் சுமார் 2,800 மீட்டரில் உள்ளது. 600 மீட்டர் இறங்குவது தூக்கத்தில் தெரியும். அங்கே மூன்று இரவுகள்.

பிறகு ரயிலில் மாச்சு பிச்சு அடிவார ஊரான அகுவாஸ் காலியெந்தெஸுக்கு ஓர் இரவு. குஸ்கோவைவிட மாச்சு பிச்சு உயரம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது சுமார் 2,430 மீட்டர்தான். அதைப் பார்த்து முடித்து, உடம்பு பழகிய பிறகு குஸ்கோ வந்து மூன்று இரவுகள். அங்கிருந்து விமானத்தில் ஒரு மணி நேரம் பறந்தால் புவெர்த்தோ மால்தோனாதோ, அமேசான் காட்டின் வாசல். அங்கே மூன்று இரவுகள். கடைசி இரவு மறுபடியும் லிமா.

தித்திகாக்கா ஏரிக்கும் போகவேண்டுமென்றால் குஸ்கோவுக்குப் பிறகு இரண்டு நாள் சேருங்கள். ஏரி 3,800 மீட்டரில் இருக்கிறது. அதை முதலில் வைக்கவே வைக்காதீர்கள். வானவில் மலை எனப்படும் வினிகுன்கா 5,000 மீட்டரைத் தொடுகிறது. படத்தைப் பார்த்து மயங்கி இரண்டாம் நாளே கிளம்புகிறவர்களை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

உயர நோயை அங்கே சொரோச்சே என்பார்கள். முதல் நாள் மெல்ல நடப்பது, நிறையத் தண்ணீர் குடிப்பது, இரவில் அரை வயிறு சாப்பிடுவது, மதுவைத் தவிர்ப்பது: இவ்வளவுதான் வைத்தியம். இதற்கான மாத்திரை பற்றிக் கிளம்பும் முன் நம் ஊரிலேயே மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். நடை தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினாலோ பொறுத்துப் பார்க்காமல் உடனே கீழே இறங்கி மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

படி 4: மாச்சு பிச்சு டிக்கெட்

விமான டிக்கெட்டுக்கு அடுத்து நீங்கள் வாங்கவேண்டியது இதுதான். நாளும் நுழையும் நேரமும் குறித்து, பெரு கலாச்சார அமைச்சகத்தின் இணையதளத்தில் விற்கிறார்கள். மூன்று சுற்றுப்பாதைகள் உண்டு. முதல் முறை போகிறவர்கள் இரண்டாம் சுற்றை எடுங்கள். மேலிருந்து முழு நகரமும் தெரியும், கோயில்களுக்கிடையே நடக்கவும் முடியும். முதல் சுற்று மேல்மட்டத்தோடு நின்றுவிடும். வைனா பிச்சு சிகரம் ஏற விரும்புகிறவர்களுக்கு மூன்றாம் சுற்று.

பெயரை நிரப்பும்போது கவனம். நம்மில் பலர் முன்னெழுத்தோடு பழகியவர்கள்; கடவுச்சீட்டில் அது தந்தையின் முழுப்பெயராக விரிந்திருக்கும். அங்கே எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். வாசலில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். உள்ளே கழிப்பறை இல்லை, வெளியே வந்தால் திரும்ப நுழையவும் முடியாது. பெரிய பைக்கும் அனுமதியில்லை.

இன்கா பாதையில் நடந்து வர விரும்பினால் பல மாதங்களுக்கு முன்பே பதிவு வேண்டும். வழிகாட்டிகளையும் சுமை தூக்குவோரையும் சேர்த்து ஒரு நாளைக்கு 500 பேர்தான்.

படி 5: கல்லையும் தண்ணீரையும் பார்ப்பது

இங்கேதான் அவசரப்படாதீர்கள். ஒயாந்தாய்தாம்போவின் பழைய தெருக்கள் இன்கா காலத்துத் தெருக்கள். இன்றும் அந்தச் சுவர்களுக்குள்தான் மக்கள் குடியிருக்கிறார்கள். தெருவோரக் கல்வாய்க்காலில் மலைத்தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு காலையில் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பாட்டி வந்து குனிந்து வாளியில் மொண்டு, வாசலில் தெளித்துவிட்டு, என்னைப் பார்த்துத் தலையசைத்து உள்ளே போனார். ஐந்நூறு வருடத்துக்கு மேற்பட்ட வாய்க்கால், அன்றாட வேலைக்கு. ஊருக்கு மேலே இருக்கும் இன்காக் கோட்டையைவிட அதுதான் என் மனதில் நிற்கிறது.

சில வீடுகளின் முன்னால் நீண்ட கழி நட்டு, நுனியில் சிவப்புப் பை கட்டியிருக்கும். உள்ளே மக்காச்சோளத்தைப் புளிக்க வைத்த சிச்சா விற்கிறார்கள் என்று அர்த்தம்.

குஸ்கோவில் ஆதுன்ரூமியோக் தெருவுக்குப் போய், பன்னிரண்டு மூலைக் கல்லைத் தேடுங்கள். சாந்து எதுவும் பூசவில்லை. ஒவ்வொரு மூலையும் பக்கத்துக் கல்லின் மூலையோடு பொருந்தி, இடையில் தாள்கூட நுழையாதபடி நிற்கிறது. தொடக்கூடாது, காவல் உண்டு. முகத்தைச் சற்று அருகில் கொண்டுபோய் இணைப்புக் கோட்டை மட்டும் கண்ணால் பின்தொடருங்கள். பிறகு கோரிகாஞ்சாவுக்கு நடங்கள். சூரியன் கோயிலின் பொற்தகடுகளைப் பெயர்த்தெடுத்துவிட்டு அதன்மேல் ஸ்பானியர்கள் துறவிமடம் கட்டினார்கள். 1950 நிலநடுக்கத்தில் மேலே கட்டியது பலத்த சேதமடைந்தது. கீழே இருந்த இன்காச் சுவர் நின்றது.

சக்சாய்வாமான், பிசாக், மோராய், ஒயாந்தாய்தாம்போ ஆகிய இன்காத் தளங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சுற்றுலாச் சீட்டு உண்டு, பத்து நாள் செல்லும். பள்ளத்தாக்குக்குப் போன முதல் நாளே வாங்கிவிடுங்கள். மாராஸ் உப்புப் பாத்திகளுக்கு மட்டும் தனிக் கட்டணம்.

படி 6: சாப்பாடு, பணம்

சைவர்கள் "சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ" என்று மூன்றையும் சொல்லுங்கள்: இறைச்சி வேண்டாம், கோழி வேண்டாம், மீன் வேண்டாம். முதலாவதை மட்டும் சொன்னால் கோழி வந்துவிடும். சூப் பெரும்பாலும் எலும்புச் சாறில் கொதித்ததாக இருக்கும், கேட்டுக் குடியுங்கள். வேகவைத்த மக்காச்சோளமும் பாலாடைக்கட்டியும் எந்தச் சந்தையிலும் கிடைக்கும். உருளைக்கிழங்கின் தாய்மண் இது; ஊதா, சிவப்பு, கறுப்பு என்று சந்தையில் குவித்திருப்பார்கள். சுனியோ என்று ஒன்றிருக்கிறது: உறைபனி இரவில் கிழங்கைப் பரப்பி வைத்து, பகலில் காலால் மிதித்து நீரைப் பிழிந்து, வெயிலில் காயவைத்த வற்றல். ஆண்டுக்கணக்கில் கெடாது. ஒரு தடவையாவது சாப்பிட்டுப் பாருங்கள்.

நாணயம் சோல். சந்தைக்கும் கழிப்பறைக்கும் சில்லறை வேண்டும். ஓரம் கிழிந்த டாலர் நோட்டை யாரும் வாங்கமாட்டார்கள்.

படி 7: திரும்பும்போது

விடுதியில் கொடுக்கும் கோகா இலைத் தேநீரை அங்கேயே குடித்துவிடுங்கள். இலையையோ தேநீர்ப் பொட்டலத்தையோ பெட்டியில் வைத்துவிடாதீர்கள். அங்கே சாதாரணப் பொருள், இந்தியச் சட்டத்தில் போதைப்பொருள். கம்பளிச் சட்டைகளின் பைகளையும் ஒரு தடவை தடவிப் பாருங்கள், பாதி மென்ற இலை எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும். மஞ்சள் காய்ச்சல் சான்றிதழைக் கடவுச்சீட்டோடு கைப்பையில் வையுங்கள்.