கல்விக் கடனுக்கும் மஞ்சள் கடுதாசி: எம்.பி.யிடம் எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது

தொழில் நடத்தி நொடித்தவர் மஞ்சள் கடுதாசி கொடுக்கலாம். நர்சிங் படிக்கக் கடன் வாங்கி, வேலை கிடைக்காமல் அரூருக்கே திரும்பிய பெண்ணுக்கு, புதிய சட்டம் முழுதாக அமலானால் அந்த வழி அடைபடும். 2016-இன் திவால் சட்டத்தொகுப்பு, பிரிவு 79(15): நீதிமன்ற அபராதம், நஷ்டஈடு, ஜீவனாம்சம் ஆகியவற்றோடு, 'டி' உட்பிரிவில் கல்விக் கடனையும் 'விலக்கப்பட்ட கடன்களில்', அதாவது திவாலானாலும் விடுதலை கிடைக்காத கடன்களில், சேர்த்திருக்கிறது. திவாலாகி விடுவிப்பு ஆணை வாங்கினாலும் இந்தக் கடன் தலையில்தான் நிற்கும்.

அந்தச் சட்டத்தொகுப்பில் தனிநபர்களுக்கான பகுதி, 2019 டிசம்பர் 1 முதல் கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டுமே அமலானது. நம் மாவட்டங்களில் மற்றவர்களுக்கு 1920-இன் மாகாண நொடிப்புச் சட்டம், ஐ.பி. என்ற நொடிப்பு மனு போடுவது அதன்படிதான். அதன் 44-ஆம் பிரிவு விடுவிக்காத கடன்களில் கல்விக் கடன் பெயர் சொல்லி இல்லை. ஆக, புதிய பகுதி எல்லோருக்கும் அமலானால் மாணவர் நிலை இன்னும் மோசமாகும். அதற்கு முன்பே திருத்தம் கேட்க வேண்டும்.

'தள்ளுபடி செய்யுங்கள்' என்று எழுதாதீர்கள். அது நிதி ஒதுக்கீட்டுக் கோரிக்கையாகி, வேறு மேசைக்குப் போய்ப் படுத்துக்கொள்ளும். இப்படிக் கேளுங்கள்: 'பிரிவு 79(15)-இன் டி உட்பிரிவை நீக்குக, இயலாவிடில், தவணை தொடங்கி ஐந்தாண்டு வரை மட்டும் அந்த விலக்கு செல்லும் எனத் திருத்துக.' அமெரிக்கா 1976-இல் வைத்தது இந்த ஐந்தாண்டு வரம்பைத்தான். மிகுந்த இன்னல் என நிரூபித்தால் அதற்கு முன்பே விடுதலை உண்டு. 1998-இல் ஆண்டு வரம்பு போயிற்று, இன்னல் என்ற வாசல் அங்கே இன்னும் இருக்கிறது. நம் சட்டத்தில் அதுகூட இல்லை.

இதோடு நின்றால் பாதிக் கிணறுதான். சிறு கடன்காரர்களை நீதிமன்ற அலைச்சல் குறைவாக விடுவிக்கும் 'புதிய தொடக்கம்' முறைக்கு, பிரிவு 80-இன்படி ஆண்டு வருமானம் 60,000, சொத்து 20,000, கடன் 35,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. சொந்த வீடும் இருக்கக் கூடாது. நான்கு லட்சம் கடனுக்கு இது உதவாது. வரம்பை உயர்த்தக் கேளுங்கள். சேர்ந்து கையெழுத்துப் போட்ட அப்பாவையும் மறக்காதீர்கள்: பிள்ளை விடுபட்டாலும் அவர் பொறுப்பு தீராது. அது தனிக் கோரிக்கை.

ஆதாரத்துக்கு, பொதுத்துறை வங்கியின் மண்டல அலுவலகத்துக்கு 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமை மனு போடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். 'மார்ச் 31 நிலவரப்படி, கிளைவாரியாக, வாராக்கடனான கல்விக் கடன் கணக்குகளின் எண்ணிக்கை, தொகை' என்று மட்டும் கேளுங்கள். பெயர்ப் பட்டியல் கேட்டால், தனிநபர் விவரம் என்று மறுத்துவிடுவார்கள். தனியார் வங்கிகளிடம் இந்த வழி செல்லாது.

எம்.பி.யிடம் கொடுக்கும் மனுவை மக்களவையை விளித்து எழுத வேண்டும். ஒவ்வொருவரின் முழுப்பெயர், முகவரி, கையெழுத்து வேண்டும். தமிழில் எழுதினால், கையெழுத்திட்ட ஆங்கில அல்லது இந்தி மொழிபெயர்ப்பைச் சேருங்கள். கடிதம், பிரமாணப் பத்திரம் போன்ற எதையும் இணைக்கக் கூடாது. பலர் வங்கி நோட்டீஸ் நகலைச் சேர்த்துத் தவறு செய்கிறார்கள். புள்ளிவிவரத்தை மனுவின் உள்ளேயே எழுதுங்கள். எம்.பி. அவையில் அளித்தால் அவர் மேலொப்பமும் தேவை. அரூர், பென்னாகரம், பாலக்கோடு மட்டுமல்ல, மேட்டூரும் தருமபுரி எம்.பி. தொகுதி, ஊத்தங்கரை, பர்கூர், ஓசூர், தளி கிருஷ்ணகிரியில் வரும்.

திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டரிடம் கொடுப்பதால் சட்டம் மாறாது. எம்.எல்.ஏ.வைப் பார்ப்பது வீண் அல்ல: திவால், மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப்பட்டியலின் 9-ஆவது இனம். சட்டமன்றத் தீர்மானத்துக்கு எடை உண்டு.

திருத்தம் வரும் என்று நம்பித் தவணையை நிறுத்தாதீர்கள். 90 நாள் பாக்கியானால் கணக்கு வாராக்கடன். முடியாதபோது தவணைக் காலத்தை நீட்டித்துத் தரும்படி வங்கிக்கு எழுதி, ஒப்புகை முத்திரையோடு ஒரு நகலை வாங்கி வையுங்கள்.