டாப் டென் ஆல்பம் பட்டியல் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிடித்த பத்து ஆல்பங்களை வரிசைப்படுத்தச் சொன்னால் நம்மில் பெரும்பாலானோர் பத்துப் பாட்டுகளைத்தான் வரிசைப்படுத்துகிறோம். அந்தப் பாட்டு வந்த படத்தின் பெயரை எழுதிவிட்டு அதை ஆல்பம் என்கிறோம். பட்டியல் போடுவதில் நடக்கும் தவறுகளில் இதுதான் பெரியது. மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

எங்கள் வட ஆற்காட்டுப் பக்கம் இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று பார்த்தால் கேசட் காலத்துக்குப் போக வேண்டும். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வேலூர், குடியாத்தம், ஆற்காடு, வாணியம்பாடி என்று எந்த ஊர்க் கடைத்தெருவுக்குப் போனாலும் பாட்டு பதிந்து தரும் கடை இருக்கும். ஒரு தாளில் பாட்டு லிஸ்ட் எழுதி, 60 நிமிடக் கேசட்டோ 90 நிமிடக் கேசட்டோ வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தால் பதிந்து வைத்திருப்பார்கள். 60 நிமிடக் கேசட் என்றால் பக்கத்துக்கு அரை மணி நேரம், ஆறு பாட்டு. கடைசிப் பாட்டு சரணத்தின் நடுவில் டக்கென்று நின்றுவிடும். ஒவ்வொரு படத்திலிருந்தும் ஒன்றோ இரண்டோதான் லிஸ்டில் ஏறும். கடையில் ரெடிமேடாக விற்ற கேசட்டிலும் ஏ பக்கம் ஒரு படம், பி பக்கம் இன்னொரு படம் என்று வருவது சாதாரணம். இப்படிக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு ஆல்பம் என்பது முழுதாகக் கைக்கு வந்ததே இல்லை. இன்று போனில் பிளேலிஸ்ட் போட்டுக் கேட்பவர்களுக்கும் நிலைமை அதேதான்.

ஒரு உதாரணத்தைக் கிட்டே வைத்துப் பார்ப்போம். 1997இல் வந்த ‘இருவர்’. யாரைக் கேட்டாலும் உன்னிகிருஷ்ணனும் பாம்பே ஜெயஸ்ரீயும் பாடிய ‘நறுமுகையே’வைச் சொல்வார்கள். அதை மட்டும் கேட்டவருக்கு இது நல்ல கர்நாடக சாயல் உள்ள ஒரு டூயட் இருக்கும் படம், அவ்வளவுதான். முழுதும் கேட்டால் கதையே வேறு. ஹரிணி பாடிய ‘ஹலோ மிஸ்டர் எதிர்க்கட்சி’யிலும் ஆஷா போஸ்லே பாடிய ‘வெண்ணிலா வெண்ணிலா’விலும் ரஹ்மான் ஜாஸ் பக்கம் போகிறார். மனோ பாடிய ‘ஆயிரத்தில் நான் ஒருவன்’ பழைய கதாநாயகன் அறிமுகப் பாட்டின் மிடுக்கோடு வருகிறது. படத்தின் கதை பல பத்தாண்டுகளைக் கடந்து போகிறது, பாட்டுகளும் கூடவே காலம் மாறிக்கொண்டு போகின்றன. இது எந்த ஒரு பாட்டிலும் இல்லாத குணம். பாட்டுகளை அடுத்தடுத்துக் கேட்டால்தான் பிடிபடும். இதற்குத்தான் ஆல்பத்துக்கு மார்க் போட வேண்டும். படம் தியேட்டரில் ஓடவில்லை என்பதற்காக இந்த ஆல்பத்தைக் கீழே தள்ளியவர்களும் உண்டு. பாக்ஸ் ஆபீஸ் கணக்குக்கு இந்தப் பட்டியலில் இடமே கிடையாது.

ஆகவே பட்டியலில் சேர்க்க நினைக்கும் ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை தள்ளிவிடாமல் ஒரு தடவையாவது கேளுங்கள். தமிழ்ப் பட ஆல்பம் பெரும்பாலும் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். வேலூரில் பஸ் ஏறினால் ஆற்காட்டில் இறங்குவதற்குள் ஒன்றைக் கேட்டு முடித்துவிடலாம்.

அடுத்தது, எதை அளக்கிறோம் என்று தெரியாமலே அளப்பது. ‘எனக்குப் பிடித்த ஆல்பங்கள்’ என்று தலைப்பு போட்டுவிட்டு, ‘இதுதான் தமிழில் சிறந்தது’ என்று வாதாடுவது. இரண்டும் வேறு வேறு கேள்விகள். பிளஸ் டூ படிக்கும்போது கேட்ட ஆல்பம் எல்லாருக்கும் உசத்திதான். பதின்ம வயதிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் கேட்ட இசை மனதில் தனி ஆழத்தில் பதிந்திருக்கும் என்று உளவியல் ஆய்வாளர்கள் பலமுறை காட்டியிருக்கிறார்கள். ஒரு பொருளைத் திரும்பத் திரும்பச் சந்தித்தாலே அதன் மேல் பிரியம் கூடிவிடும் என்று உளவியலாளர் ராபர்ட் சயான்ஸ் 1968இல் எழுதினார். இவற்றை மறைக்கவோ கழித்துப் போடவோ வேண்டியதில்லை. சொந்த ரசனைப் பட்டியலில் சொந்த வாழ்க்கை இருக்கத்தானே செய்யும். ‘நான் காலேஜ் சேர்ந்த வருஷத்து ஆல்பம், அதனால்தான் மூன்றாவது’ என்று பக்கத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள். அந்த வரியை எழுதாமல், அதே ஆல்பத்தின் ஆர்கெஸ்ட்ரேஷன் உலகத் தரம் என்று காரணம் தேடும்போதுதான் பட்டியல் பொய் சொல்லத் தொடங்குகிறது.

இதன் கிளை ஒன்று எங்கள் பக்கம் அதிகம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டில் உருது பேசும் குடும்பங்கள் நிறைய. சித்தூர் எல்லையை ஒட்டிய ஊர்களில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் நிறைய. 1992இல் வந்த ‘ரோஜா’வை ஒரு வீட்டில் தமிழில் முதலில் கேட்டிருப்பார்கள், அடுத்த வீட்டில் இந்தியில், இன்னொரு வீட்டில் தெலுங்கில். யார் எதை முதலில் கேட்டார்களோ அதுதான் அவர்களுக்கு உயர்ந்தது. மெட்டும் வாத்திய இசையும் ஒன்றுதான், ‘சின்னச் சின்ன ஆசை’யை இந்தியில் பாடியவரும் அதே மின்மினிதான். மாறியது வரிகள். தமிழில் வைரமுத்து, இந்தியில் பி.கே. மிஸ்ரா. ஆகவே இரண்டு பதிப்புகளை ஒப்பிடும்போது பெரிதும் ஒப்பிடுவது பாட்டு வரிகளைத்தான் என்று தெரிந்துகொண்டு ஒப்பிட்டால் சண்டை பாதி குறையும்.

இப்போது சத்தம். பட்டியல் போடுகிறவர்கள் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை. ஆனால் தீர்ப்பை மாற்றிவிடுவதில் இதற்கு இணையாக எதுவும் கிடையாது. ஒரே பாட்டை இரண்டு முறை போட்டு, இரண்டாவது முறை வால்யூமைத் துளி கூட்டிப் பாருங்கள். கேட்பவர் சத்தம் கூடியிருக்கிறது என்று சொல்லமாட்டார். ‘இதுதான் தெளிவா இருக்கு, இதுல ஒரு உயிர் இருக்கு’ என்பார். இன்றைய ஆல்பங்கள் பலவும் கூடுதல் சத்தத்தோடு இறுக்கமாக மாஸ்டர் செய்யப்பட்டவை, அதாவது வெளியிடும் முன் ஒலியைச் சரிசெய்யும் கடைசிக் கட்டத்திலேயே சத்தம் கூட்டப்பட்டவை. எழுபதுகளின் பதிவுகள் அப்படி இல்லை. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டால், ஒரு ஸ்வரம்கூட மனதில் நிற்பதற்கு முன்பே புதியது ஜெயித்துவிடும்.

குறைந்த சத்தத்துக்கும் தனிச் சிக்கல் உண்டு. ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1933இல் காட்டியது இது: சத்தத்தைக் குறைக்கும்போது காதுக்கு எல்லா ஒலியும் ஒரே அளவில் குறைவதில்லை, அடிநாதமான பேஸ் ஒலிகள் சீக்கிரம் காணாமல் போய்விடுகின்றன. வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு போன் ஸ்பீக்கரில் மெதுவாக வைத்து இளையராஜாவின் எண்பதுகளின் ஆல்பம் ஒன்றைக் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய பாட்டுகளில் பேஸ் கிடார் குரலுக்குக் கீழே தனியாக ஒரு மெட்டு போட்டுக்கொண்டு நடக்கும். பல பாட்டுகளில் பாதி அழகு அங்கேதான். போனின் சின்ன ஸ்பீக்கரில் அது ஏறக்குறைய இல்லவே இல்லை. பேஸ் இல்லாத ராஜாவைக் கேட்டு, மறுநாள் நல்ல ஹெட்போனில் வேறொருவரைக் கேட்டு, இரண்டுக்கும் மார்க் போடுவது நியாயமே இல்லை.

பழைய ஆல்பங்களுக்கு இன்னொரு அநியாயமும் நடக்கிறது. இளையராஜா 1976இல் ‘அன்னக்கிளி’யோடு வந்தார். அந்தக் காலத்து ஆல்பங்கள் பலவற்றை இன்று நாம் கேட்பது தேய்ந்த இசைத்தட்டிலிருந்தோ கேசட்டிலிருந்தோ யாரோ எடுத்து ஏற்றிய பதிவில். அந்தக் கேசட் பிளேயர் கொஞ்சம் வேகமாக ஓடியிருந்தால் தாளம் மட்டுமல்ல, சுருதியே ஏறியிருக்கும், ஜானகியின் குரல் மெலிந்து கேட்கும். பதிவின் குறையை இசையமைப்பாளர் கணக்கில் எழுதாதீர்கள். அதிகாரபூர்வப் பதிவு கிடைக்கிறதா என்று தேடுங்கள். கிடைக்காவிட்டால் அந்த ஆல்பத்தின் ஒலித்தரத்துக்கு மார்க்கே போடாமல் விட்டுவிடுங்கள்.

செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. ஒப்பிடும் ஆல்பங்கள் எல்லாவற்றையும் ஒரே ஹெட்போனில், காதுக்கு ஒரே அளவு சத்தமாகப் படும்படி வைத்துக் கேளுங்கள். பாட்டுச் செயலிகளில் வால்யூமைச் சமப்படுத்தும் வசதி இருக்கிறது. ஸ்பாட்டிஃபை வழக்கமாக மைனஸ் 14 எல்.யூ.எஃப்.எஸ். (காதுக்குப் படும் சத்தத்தை அளக்கும் அலகு) என்ற அளவை ஒட்டிச் சமப்படுத்துகிறது. அதை அணைத்து வைத்திருந்தால் திரும்பப் போட்டுவிடுங்கள். பஸ்ஸில் கேட்பது ஆல்பத்தோடு பழக்கம் பிடிக்க நல்லது. கடைசித் தீர்ப்பை மட்டும் பஸ்ஸில் எழுத வேண்டாம். நெடுஞ்சாலை இரைச்சலில் வீணையும் புல்லாங்குழலும் முதலில் பலியாகும்.

மார்க் போட்டுச் சராசரி எடுப்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு ஆல்பத்தில் ஏழு பாட்டு: இரண்டுக்குப் பத்து, மூன்றுக்கு எட்டு, இரண்டுக்கு நாலு. மொத்தம் 52, சராசரி 7.43. இன்னொன்றில் ஐந்து பாட்டு, எல்லாவற்றுக்கும் ஏழரை. சராசரி 7.5. கணக்குப்படி இரண்டாவதுதான் மேல். ஆனால் உங்கள் கை முதலாவதைத் தேடித்தான் போகும், ஏனென்றால் பத்து மார்க் பாட்டு இரண்டு அங்கே இருக்கிறது. ஒரே தரமாக இருப்பது உங்களுக்குப் பெரிதா, உச்சம் தொடுவது பெரிதா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். என்னைக் கேட்டால் உச்சத்துக்குத்தான் கூடுதல் எடை கொடுப்பேன். ஆனால் கேட்கவே பிடிக்காத பாட்டு ஒன்றுக்கு மேல் இருந்தால் அந்த ஆல்பத்தை முதல் மூன்றில் வைக்கமாட்டேன். எப்படியானாலும் 7.43க்கும் 7.5க்கும் நடுவில் ரசனை வித்தியாசம் எதுவும் இல்லை.

சராசரியைவிட நேர்ப் போட்டி நல்ல முறை. இரண்டு ஆல்பங்களை எடுத்து, இனி ஒன்றைத்தான் கேட்கலாம் என்றால் எது என்று கேட்டுக்கொள்வது. பத்து ஆல்பத்துக்கு 45 ஜோடி வரும், ஒரு வாரத்தில் நிதானமாக முடிக்கலாம். இருபது என்றால் 190, அது வேண்டாம். இதில் ஒரு முடிச்சு விழும்: முதலாவது இரண்டாவதைவிடப் பிடிக்கும், இரண்டாவது மூன்றாவதைவிட, ஆனால் மூன்றாவது முதலாவதைவிட. பயப்படாதீர்கள், எல்லார் ரசனையிலும் இது உண்டு. அந்த மூன்றையும் ஒரே படியில் வையுங்கள். நாலாவதா ஐந்தாவதா என்று மண்டையை உடைத்துக்கொள்வதில் ஒரு பயனும் இல்லை.

மரியாதைக்காக இடம் கொடுப்பதும் தவறுதான். 1986இல் வந்த இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ தியாகராஜருக்கும் ஜெர்மன் இசையமைப்பாளர் ஜே.எஸ். பாக் (Bach) என்பவருக்கும் காணிக்கையாகச் செய்த வாத்திய ஆல்பம். அதைப் பட்டியலில் சேர்த்தால் விஷயம் தெரிந்தவர் என்று பெயர் வரும் என்பதற்காகச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். மனதாரப் பிடித்தால் முதலிடமே கொடுங்கள். பிடிபடவில்லை என்றால் விட்டுவிடுங்கள், அது ஆல்பத்துக்கும் அவமரியாதை இல்லை, உங்களுக்கும் இல்லை.

அதற்காக, எத்தனை தடவை கேட்டீர்கள் என்று செயலி வருஷக் கடைசியில் காட்டும் எண்ணிக்கையையும் அப்படியே நம்ப முடியாது. சமைக்கும்போதும் கடையில் உட்கார்ந்திருக்கும்போதும் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது எல்லாம் அதில் சேர்ந்துவிடும். வருஷத்துக்கு ஒரே ஒரு தடவை, விளக்கை அணைத்துவிட்டுக் கேட்கும் ஆல்பமும் முதலிடத்தில் இருக்கலாம்.

ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பத்தையும் கேட்டு முடித்துவிடலாம் என்று உட்காரவும் வேண்டாம். நாலாவதுக்குள் காது களைத்துவிடும். களைத்த காதுக்கு உரத்த தாளம்தான் எட்டும், அமைதியான ஆல்பங்கள் தோற்றுப்போகும். எங்கள் ஊர்ப் பெயரைத் தாங்கிய வேலூர் ராமபத்ரனின் மிருதங்கம் உள்ள கச்சேரிப் பதிவு ஒன்றை இப்படி அவசரத்தில் கேட்டுப் பாருங்கள். 2004இல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்ற அவருடைய வாசிப்பின் சிறப்பே பாடுகிறவரை மீறாமல் கூடவே போவதுதான். அவசரமாகக் கேட்கிறவர் மிருதங்கத்தைக் கவனிக்கவே மாட்டார். நாளுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு போதும்.

பட்டியலின் கீழே தேதி போட்டு வையுங்கள். அடுத்த வருஷம் பழையதைப் பார்க்காமல் புதிதாக ஒன்று எழுதி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்த ஆல்பம் இடம் மாறியிருக்கிறதோ அதை மட்டும் எடுத்து இன்னொரு தடவை முழுசாகக் கேளுங்கள்.