ஸ்பானிய வழக்குச் சொல்லுக்கு ஆங்கிலப் பொருள் காண்பது எப்படி?

ஸ்பானியப் பேச்சுச் சொல் ஒன்றின் ஆங்கிலப் பொருளைத் தேடுமுன், அது எந்த நாட்டுப் பேச்சிலிருந்து வந்தது என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். ‘குவாகுவா’வுக்காகக் காத்திருப்பதாகக் கியூபாவில் ஒரு பெண் சொன்னால் அவர் பேருந்துக்காக நிற்கிறார், கிட்டத்தட்ட அதே தொடரைச் சிலியில் சொன்னால் அவர் கருவுற்றிருக்கிறார். தென் அமெரிக்கப் பழங்குடி மொழியான கெச்சுவாவிலிருந்து வந்த அந்தச் சிலி வழக்கில் குவாகுவா என்பது கைக்குழந்தை. ஸ்பெயினில் பேருந்தைப் பிடிப்பதற்கு எல்லோரும் கூச்சமின்றிச் சொல்லும் ‘கொஹேர்’ என்ற வினையோ, மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் உடலுறவைக் குறிக்கும் கொச்சைச் சொல்லாகிவிடுகிறது.

அகராதியைத் திறக்குமுன் சொல்லைப் பிரித்துப் பார்ப்பது நல்லது. ‘தாமெலோ’ என்ற ஒரே சொல்லில் ‘கொடு’, ‘எனக்கு’, ‘அதை’ ஆகிய மூன்றும் ஒட்டியிருக்கின்றன. சந்தி பிரித்துப் பழகிய நமக்கு இது சிரமமாக இராது. ஆங்கிலச் சொல்லைப் போல ஒலிப்பதை மட்டும் நம்பிவிடக் கூடாது. ‘எம்பராஸாதா’ என்றால் கர்ப்பிணி. கூச்சப்படுவதைச் சொல்லும் ‘எம்பராஸ்டு’ அல்ல.

வழக்குச் சொற்களுக்கு ஸ்பானிய–ஆங்கில அகராதி பல நேரங்களில் போதாது. ஸ்பானிய மொழிக் கழகங்களின் சங்கம் 2010-இல் வெளியிட்ட அமெரிக்கக் கண்டங்களில் வழங்கும் ஸ்பானியச் சொற்களுக்கான அகராதி, ஒவ்வொரு பொருளுக்கும் அது வழங்கும் நாடுகளைக் குறிப்பிடுகிறது. விளக்கம் ஸ்பானியத்திலேயே இருந்தாலும் பொறுமையாக வாசிக்கலாம். அகராதிகளில் ‘கொச்சை’, ‘பேச்சு வழக்கு’ என்று தரப்படும் சுருக்கக் குறிகளை ஒருபோதும் தாண்டிச் செல்ல வேண்டாம். அவையும் பொருளின் பகுதியே என்பது என் உறுதியான கருத்து.

நிறைவாக, அதே எடையுள்ள ஆங்கிலச் சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எருதைக் குறிக்கும் ‘புவே’ என்ற சொல்லிலிருந்து பிறந்த மெக்சிகோவின் ‘குவே’, நண்பர்களுக்கிடையில் ‘டூட்’ என்ற ஆங்கில விளிக்கு ஈடாகும். முன்பின் அறியாத ஒருவரை நோக்கிச் சினத்துடன் சொல்லப்பட்டால், முட்டாளைக் குறிக்கும் ‘இடியட்’ என்பதே அங்கே பொருத்தமான பெயர்ப்பு.