தவளை முட்டைச் சாற்றில் உட்கருத் துளைகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸெனோபஸ் தவளையின் முட்டைச் சாற்றில் உட்கரு கட்டிப் பார்ப்பது 1980களிலிருந்து நடக்கிறது. முழுச் செல் தேவையில்லை. ஒரு சின்னக் குழாயில் சாற்றை எடுத்து, விந்தணுக் குரோமேட்டினை, அதாவது டிஎன்ஏவும் புரதங்களும் சேர்ந்த பொருளைப் போட்டால் அதைச் சுற்றிச் சவ்வு படிந்து, துளைகள் உருவாகி, புரதங்கள் உள்ளே போகத் தொடங்கும். புதிதாக வருகிறவர்கள் நாங்கள் இடறிய இடங்களிலேயே இடறுகிறார்கள். ஐஸ் வைக்க மறப்பது, பஃபரைத் தப்பாகக் கலப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். ஒரு தடவை பட்டால் அவை தானே சரியாகிவிடும்.

ஊசைட்டையும் முட்டையையும் ஒன்றாக நினைப்பது

ஊசைட் முதிராத முட்டை. அதன் உட்கரு ஏறக்குறைய 0.4 மி.மீ. அகலம், கீறி வெளியே எடுத்தால் வெறும் கண்ணுக்கே தெரியும். உறையில் சுமார் 5 கோடி துளைகள். 1950இல் கேலனும் டாம்லினும் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் துளைகளைக் கண்டதும் இதுபோன்ற ஊசைட் உறைகளில்தான்.

தவளை இட்ட முட்டையிலோ உட்கருவே கிடையாது. முதிரும்போது உறை கலைந்துவிடும். முட்டை செல் பிரிவின் நடுவில், இரண்டாம் மியாசிஸின் மெட்டாஃபேஸில் நிற்கும். துளைப் புரதங்களெல்லாம் பிரிந்து சைட்டோபிளாசத்தில் கிடக்கும், அதுவும் சில ஆயிரம் உட்கருக்களுக்குப் போதுமான அளவில். கட்டி முடித்த துளைகளின் வழியே நடக்கும் போக்குவரத்தைப் பார்க்க ஊசைட்டை எடுங்கள். துளை கட்டப்படுவதைப் பார்க்க முட்டைச் சாறு வேண்டும்.

கால்சியம் சேர்க்க மறப்பது

சாறு மெட்டாஃபேஸிலேயே நிற்கும். உட்கரு வராது.

டெக்ஸ்ட்ரான் போடாமல் முடிவுக்கு வருவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். ஒரு மாணவி சாற்றிலிருந்து ஒரு துளைப் புரதத்தை ஆன்டிபாடி மணிகளால் உறிஞ்சி எடுத்தார். என்எல்எஸ் (உட்கருவுக்குள் போகச் சொல்லும் முகவரித் துண்டு) ஒட்டிய ஜிஎஃப்பி என்ற ஒளிரும் புரதத்தைச் சேர்த்தார். உட்கருவில் ஒளி சேரவில்லை. ‘இந்தப் புரதம் இல்லாவிட்டால் இறக்குமதி நடக்காது’ என்று எழுதி, அதன் மேல் மாதக்கணக்கில் சோதனைகளை அடுக்கினார். பிறகு யாரோ சொல்லி, ஒளிரும் 70 கிலோடால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) டெக்ஸ்ட்ரானை, அதாவது மூடிய உட்கருவுக்குள் புக முடியாத பெரிய சர்க்கரைச் சங்கிலியைப் போட்டுப் பார்த்தால், அது எல்லா உட்கருவுக்குள்ளும் தாராளமாக நிறைந்து நிற்கிறது. சவ்வு மூடவே இல்லை! மூடாத உட்கருவுக்குள் போன ஜிஎஃப்பி அங்கே எப்படித் தங்கும்?

ஒளி சேராததற்குக் குறைந்தது மூன்று காரணங்கள் இருக்கலாம். சவ்வு மூடாமல் இருக்கலாம். சவ்வு மூடியும் துளை இல்லாமல் இருக்கலாம். துளையின் சட்டமாக அமையும் நப்107 புரதத் தொகுதியை எடுத்துவிட்டால் இதுதான் நடக்கும், ஒரு துளைகூட இல்லாத முழுச் சவ்வு கிடைக்கும். அல்லது துளை இருந்தும் அடைபட்டிருக்கலாம். கோதுமை முளை லெக்டினைச் சேர்த்தால் அது துளைப் புரதங்களின் சர்க்கரைகளைப் பிடித்துக்கொண்டு இறக்குமதியை நிறுத்திவிடும். ஜிஎஃப்பியை மட்டும் பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரிதான்.

பிரித்தறிய இரண்டு டெக்ஸ்ட்ரான் போதும். 70 கிலோடால்டன் உள்ளே புகுந்தால் சவ்வு மூடவில்லை. அது வெளியே நின்று, 10 கிலோடால்டன் உள்ளே போனால் துளை இருக்கிறது, கடத்தலில்தான் கோளாறு. இரண்டுமே வெளியே நின்றால் துளை இல்லை என்று சந்தேகப்படுங்கள். இதை உயிரோட்டமுள்ள மாதிரியில்தான் பார்க்க வேண்டும். ஃபார்மால்டிஹைடு சாதாரண டெக்ஸ்ட்ரானைப் பிடித்து வைக்காது; போதாக்குறைக்குக் கவர்ஸ்லிப்பை அழுத்தினால் நல்ல உட்கருவும் கிழிந்துவிடும்.

அந்த மாணவியின் சோதனையில் இன்னொரு ஓட்டையும் இருந்தது. எந்தத் துளைப் புரதத்தையும் பிடிக்காத சாதாரண ஆன்டிபாடி (ஐஜிஜி) மணிகளை வைத்து அதே சுற்றுகள் ஓட்டிய கட்டுப்பாட்டுச் சாறு இல்லை. மணிகளோடு அலைக்கழிக்கும்போதே சாறு நீர்த்துப்போகும், சவ்வுத் துணுக்குகளும் போய்விடும். கட்டுப்பாடு ஓட்டுங்கள். எடுத்த புரதத்தைத் தூய்மையாக்கித் திரும்பச் சேர்த்து, உட்கரு மீள்கிறதா என்றும் பாருங்கள். மீளாவிட்டால் உங்களிடம் இன்னும் முடிவு எதுவும் இல்லை.

விளிம்பு ஒளிர்ந்தால் வேலை முடிந்தது என்று நினைப்பது

துளைகளை ஒளிரவைக்கப் பயன்படும் 414 என்ற ஆன்டிபாடி, துளையிலுள்ள எஃப்ஜி வகைப் புரதங்களைப் பிடிக்கும். அவை எந்தச் சவ்வில் இருக்கின்றன என்று அதற்குத் தெரியாது. முட்டைச் சாற்றில் துளைகள் குரோமேட்டின் இல்லாமலே, அடுக்கடுக்கான சவ்வுத் தகடுகளிலும் உருவாகும். இவற்றை வளையத் தகடுகள் என்பார்கள். உட்கருவை ஒட்டி அவை கிடந்தால் விளிம்பில் துளைகள் நிறைந்திருப்பதுபோலத் தோன்றும்.

சரி, துளை குரோமேட்டினைத் தேடி வருவது எப்படி? ஏலிஸ் என்ற புரதம் முதலில் குரோமேட்டினில் ஒட்டி, நப்107 தொகுதியை அங்கே வரவழைக்கிறது. மனிதச் செல்களில் ஏலிஸைக் குறைத்தபோது உறையில் துளைகள் குறைந்து, சைட்டோபிளாசத்தில் வளையத் தகடுகள் பெருகின. மொத்தப் புரத அளவை மட்டும் பார்த்திருந்தால் இந்த இடமாற்றம் தெரிந்திருக்காது. சந்தேகம் வந்தால் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புக்குப் போங்கள். செலவுதான், ஆனால் வேறு வழியில்லை.

40 கிலோடால்டனை எல்லைக் கோடாக எடுத்துக்கொள்வது

அதற்குக் கீழே துளை வழியே தானாகக் கசியும், மேலே கசியாது என்று நறுக்கிவிட முடியாது. அளவு கூடக்கூடக் கசிவு மெதுவாகிறது, அவ்வளவுதான். 27 கிலோடால்டன் ஜிஎஃப்பி தானாகவே கசியும். இறக்குமதியை அளக்க அதை ஜிஎஸ்டி போன்ற இன்னொரு புரதத்தோடு இணைத்துப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். கூட்டிச் செல்ல இம்போர்ட்டின் என்ற கடத்திப் புரதம் இருந்தால் கதையே வேறு: நியூக்ளியோபிளாஸ்மின் என்ற உட்கருப் புரதம் பூசிய, பூச்சோடு சேர்த்து 39 நேனோமீட்டர் அகலமுள்ள தங்கத் துகள்கூட ஸெனோபஸ் ஊசைட்டின் உட்கருவுக்குள் போயிருக்கிறது.

கெட்ட முட்டைகளைப் பொறுக்காமல் விடுவது

நூல்போல ஒட்டிக்கொண்டு வருபவை, வெளுத்து உப்பியவை: எறியுங்கள். அந்தத் தவளையின் முட்டைகளில் பாதி அப்படியென்றால் மீதியையும் எறியுங்கள்.