காட்டு வழியாக ஏரி வரை: மேடு பள்ளப் பாதையில் முதல் ஓட்டம்

சமதளத்தில் ஐந்து கிலோமீட்டர் நிற்காமல் ஓட முடிகிறதா? அப்படியானால் காட்டுப் பாதைக்கும் நீங்கள் தயார்தான்.

முதலில் வரைபடத்தைப் பாருங்கள், தூரத்தைவிட ஏற்றத்தைக் கவனியுங்கள். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-ல் நடப்பவர்களுக்குச் சொன்ன கணக்கு இது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். இன்னொன்றும் உண்டு. ஏரி பெரும்பாலும் பள்ளத்தில்தான் இருக்கும். போகும்போது குஷியாக இறங்குகிற கடைசிச் சரிவுதான், திரும்பும்போது முதல் ஏற்றம். அதற்குக் காலில் தெம்பு மிச்சம் இருக்க வேண்டும்.

வரைபடத்தை போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், காட்டுக்குள் சிக்னலை நம்ப முடியாது. எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

அடுத்து ஷூ. அடிப்பாகத்தில் ஆழமான பற்கள் உள்ளதாகப் பாருங்கள். கணுக்கால் பக்கம் இருக்கும் கடைசித் துளையையும் விடாமல் கயிற்றைக் கோத்து, குதிகால் நகராதபடி கட்டுங்கள். இல்லாவிட்டால் இறக்கத்தில் பாதம் முன்னால் சறுக்கி, விரல் நுனி இடித்து நகம் கறுத்துப்போகும்.

செங்குத்தான ஏற்றம் வந்தால் நடங்கள். அதில் வெட்கப்பட எதுவுமில்லை, தேர்ந்த மலை ஓட்டக்காரர்களும் தொடையில் கையை ஊன்றி நடந்துதான் ஏறுகிறார்கள்.

இறக்கம்தான் பழகவேண்டிய வித்தை. பயத்தில் உடம்பைப் பின்னால் சாய்த்து, குதிகாலால் பிரேக் போடத் தோன்றும். அப்படிச் செய்தால் வழுக்கும், முட்டியும் வலிக்கும். முட்டியை லேசாக மடக்கி, சின்னச் சின்ன அடியாக வேகமாக வையுங்கள். கைகளைச் சற்று விரித்தால் நிலை தடுமாறாது. பார்வை மூன்று நான்கு மீட்டர் முன்னால் இருக்கட்டும். ஈரமான வேரில் மட்டும் காலே வைக்காதீர்கள், தாண்டிப் போங்கள்.

ஏரியை வந்தடைந்ததும் முதலில் ஒரு மேல்சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள், வியர்த்த உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும். தண்ணீர் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் அப்படியே குடிக்க வேண்டாம். கொஞ்சம் சாப்பிட்டு, ஆற அமர வேடிக்கை பாருங்கள்.

திரும்பும்போது முதல் பத்து நிமிடம் நடை மட்டும். மரநிழலில் சீக்கிரமே இருட்டும், வெளிச்சம் இருக்கும்போதே புறப்படுங்கள்.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் மாடிப்படி இறங்கும்போது முன்தொடை வலிக்கும். இறக்கத்தில் உடல் எடையைத் தாங்கித் தாங்கி வந்த வலி அது. லேசாக நடந்துகொண்டிருங்கள், வலி போனபிறகு அடுத்த ஓட்டம்.