ஆயில் குடிக்கும் பழைய காருக்கு 20டபிள்யூ-50 ஊற்றுவதற்கு முன்

காலையில் ஸ்டார்ட் செய்ததும் சைலன்சரில் நீலப் புகை. டிப் ஸ்டிக்கை இழுத்தால் நுனியில் மட்டும் ஈரம். இந்த நிலைக்கு வந்த மாருதி 800-க்கும் பழைய சான்ட்ரோவுக்கும் கிடைக்கிற முதல் யோசனை பெரும்பாலும் ஒன்றுதான்: "கெட்டியான ஆயிலா, 20டபிள்யூ-50 ஊத்துங்க, நின்னுடும்." சில வண்டிகளில் குறையவும் செய்கிறது. எண்ணெய் எந்த வழியாகப் போகிறது என்பதைப் பொறுத்தது அது. வழி தெரியாமல் ஆயிலை மாற்றுவதில்தான் மற்ற எல்லாத் தவறுகளும் தொடங்குகின்றன.

அளக்காமல் கவலைப்படுவது

"நிறைய குடிக்குது" என்பது ஓர் அளவு இல்லை. சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் விட்டு, டிப் ஸ்டிக்கின் மேல் கோடு வரை நிரப்புங்கள். ஓடோமீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 1,000 கி.மீ. ஓடியபின் அதே இடத்தில், அதே மாதிரி பத்து நிமிடம் விட்டு, அளவுக் குவளையால் மறுபடி மேல் கோடு வரை ஊற்றுங்கள். ஊற்றிய மில்லியே உங்கள் வண்டியின் கணக்கு. பல கார்களில் கீழ்க் கோட்டுக்கும் மேல் கோட்டுக்கும் இடையே சுமார் ஒரு லிட்டர். சிறிய கார்களில் அதைவிடக் குறைவு.

1,000 கி.மீ.க்கு 200, 300 மில்லி போகிற பழைய இன்ஜினில் ஆயில் கிரேடை, அதாவது டப்பாவில் போட்டிருக்கும் கெட்டித்தன்மை எண்ணை, தொடவே வேண்டாம். டிக்கியில் ஒரு லிட்டர் டப்பா வைத்துக்கொண்டு டாப்-அப் செய்தால் போதும். அரை லிட்டரைத் தாண்டினால் காரணம் தேடலாம். ஒரு லிட்டரைத் தொட்டுவிட்டால் கிரேடு மாற்றம் கொஞ்ச நாள் அவகாசம் வாங்கித் தரும், அவ்வளவுதான்.

ஆயில் லைட்டை நம்பி இருப்பது இதைவிட மோசமான பழக்கம். பெரும்பாலான பழைய கார்களில் அந்தச் சிவப்பு விளக்கு காட்டுவது அழுத்தத்தை. எண்ணெயின் மட்டத்தை இல்லை. அது எரியும்போது பம்ப் ஏற்கெனவே காற்றை உறிஞ்சத் தொடங்கியிருக்கும். வளைவில் திரும்பும்போது மட்டும் ஒரு நொடி மினுக்கினாலும் அதே பொருள்தான்: இன்ஜினின் அடியில் எண்ணெய் தேங்கும் சம்ப்பில் எண்ணெய் போதவில்லை, பேரிங்குகள் தேய்கின்றன.

போகிற வழியைப் பார்க்காமல் கிரேடை மாற்றுவது

முதலில் ஒழுகலா, எரிதலா என்று பிரித்துக்கொள்ள வேண்டும். இரவு வண்டிக்கடியில் அட்டை ஒன்றை விரித்து வைத்தால் காலையில் சொட்டு இருக்கிற இடம் தெரியும். வால்வ் கவர் கேஸ்கெட் கசிந்தால் எண்ணெய் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் விழுந்து கருகும். சிக்னலில் நிற்கும்போது வாடை அடிக்கும், தரையில் சொட்டே இருக்காது. இவற்றுக்குக் கெட்டி ஆயில் மருந்தாகாது. இறுகிப்போன ரப்பர் சீல் 20டபிள்யூ-50-க்கும் வழிவிடும்.

ஒழுகல் இல்லை என்றால் புகை வரும் நேரத்தைக் கவனியுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டி ஸ்டார்ட் ஆனதும் ஒரு மேகம் விட்டுப் பிறகு தெளிந்தால் வால்வ் சீல் (வால்வுத் தண்டு வழியாக எண்ணெய் இறங்காமல் தடுக்கும் ரப்பர்). இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டு இறங்கி, கீழே வந்து மிதித்ததும் புகைந்தாலும் பெரும்பாலும் அதுவே. மேடேறும்போதும் முடுக்கும்போதும் தொடர்ந்து புகைந்தால் பிஸ்டன் ரிங் (பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள்) பக்கம் சந்தேகம். வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைப் பாருங்கள். கரும்புகை பெட்ரோல் அதிகம் எரிவதால் வருவது. இந்த இரண்டுக்கும் ஆயில் கிரேடுக்கும் தொடர்பில்லை.

பலர் தாண்டிப்போகிற இடம் பி.சி.வி. வால்வு. கிராங்க்கேஸில் சேரும் வாயுவை இன்டேக்குக்கு அனுப்பும் சின்ன வால்வு அது; விலையும் சின்னதுதான். அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி எண்ணெயை ரிங் வழியாகவும் சீல் வழியாகவும் வெளியே தள்ளும். திறந்தபடியே மாட்டிக்கொண்டால் எண்ணெய்த் துளிகளை இன்டேக் உறிஞ்சி எரிக்கும். கழற்றிக் குலுக்கினால் பெரும்பாலானவை கடகடவென்று சத்தம் கொடுக்க வேண்டும். ஐடிலில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் மெல்லிய உறிஞ்சல் இருப்பது நல்லது. புகை குபுகுபுவென்று மேலே தள்ளினால் வால்வு அடைத்திருக்கலாம், அல்லது ரிங் வழியாக வாயு கீழே இறங்கலாம். கார்புரேட்டர் காலத்து வண்டியில் பிரீதர் குழாயும் அதன் வடிகட்டியும் இதே வேலையைச் செய்கின்றன. ரிங் வேலைக்கு இன்ஜினை இறக்குவதற்கு முன் இதைப் பார்க்காமல் விடுவது வீண் செலவு.

ரிங் சந்தேகம் என்றால் கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தத்தை அளப்பது. இன்ஜின் சூடாக இருக்கும்போது எல்லா பிளக்குகளையும் கழற்றி ஒவ்வொரு சிலிண்டராக அளக்க வேண்டும். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் பிளக் துளை வழியாக ஒன்றிரண்டு டீஸ்பூன், அதாவது 5 முதல் 10 மில்லி எண்ணெய் விட்டு மறுபடி அளந்தால், எண் நன்றாக ஏறினால் ரிங் அல்லது போர் (சிலிண்டரின் உட்சுவர்) தேய்மானம், ஏறாவிட்டால் வால்வு. இதில் ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. கம்ப்ரஷன் நன்றாக இருந்தும் வண்டி ஆயில் குடிக்கலாம். மேலே இருக்கும் இரண்டு ரிங்குகள் நன்றாக இருக்க, கீழே உள்ள ஆயில் ரிங் மட்டும் கரி பிடித்து அசையாமல் நின்றிருக்கும். வழித்த எண்ணெய் திரும்பிப் போகிற துளைகளும் அடைத்திருக்கும். ஆயில் மாற்றாமல் நீண்ட நாள் ஓட்டிய வண்டிகளில் இது சாதாரணம். இங்கே கெட்டி ஆயிலின் பலன் நிச்சயமில்லை. பாதி அடைத்த துளையில் அது இன்னும் மெதுவாகத்தான் வடியும். நல்ல டிடர்ஜென்ட் உள்ள ஆயிலை 5,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றிக்கொண்டு வருவது, கரியை மெதுவாகக் கரைக்க வாய்ப்புள்ள வழி.

டபிள்யூ எண்ணைத் தப்பாகப் படிப்பது

டப்பாவில் 10டபிள்யூ-30 என்று இருந்தால் 10-ஐ லேசு, 30-ஐ கெட்டி என்று எடுத்துக்கொள்கிறார்கள். டபிள்யூ குளிர்காலத்தைக் குறிப்பது. வாகனப் பொறியாளர்களின் எஸ்.ஏ.இ. அமைப்பு வகுத்த ஜே300 தரப்படி 5டபிள்யூ ஆயிலின் ஸ்டார்ட்டிங் சோதனை மைனஸ் 30 டிகிரி செல்சியஸில் நடக்கிறது. 10டபிள்யூ மைனஸ் 25-இல், 15டபிள்யூ மைனஸ் 20-இல், 20டபிள்யூ மைனஸ் 15-இல். சென்னை மார்கழிக் குளிருக்கும் இந்த எண்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. உறைபனி விழும் ஊட்டி ஜனவரியில்கூட 15டபிள்யூ தாராளமாகச் சுற்றும்.

புகை விஷயத்தில் முக்கியமானது இரண்டாவது எண். இன்ஜின் சூடானபின் எண்ணெய் எவ்வளவு கெட்டி என்று அதுதான் சொல்கிறது. 100 டிகிரியில் 30 கிரேடு என்றால் 9.3-இலிருந்து 12.5 சென்டிஸ்டோக்ஸுக்குள் (கெட்டித்தன்மையின் அலகு), 40 என்றால் 16.3-க்குள், 50 என்றால் 21.9-க்குள். வெறும் 30-இலிருந்து 40-க்குப் போனாலே சுமார் மூன்றில் ஒரு பங்கு கெட்டியாகிவிடுகிறது. மக்கள் நினைப்பதைவிட அது பெரிய படி.

ஒரே கிரேடில் கூட எல்லா ஆயிலும் ஒரே மாதிரி ஆவியாவதில்லை. 250 டிகிரியில் ஒரு மணி நேரம் சூடாக்கி எவ்வளவு எடை குறைகிறது என்று பார்க்கும் நோக் சோதனை இதற்காகவே இருக்கிறது. தயாரிப்பாளரின் தரவுத் தாளில் அந்தச் சதவீதம் இருந்தால் பாருங்கள். 15-ஐ ஒட்டியதைவிட 10-க்குக் கீழே இருப்பது ஆயில் குடிக்கும் வண்டிக்கு நல்லது. இன்னொன்று: 5டபிள்யூ-40 போல இரு எண்களுக்கும் இடைவெளி அதிகமான ஆயிலில், குறிப்பாக மினரல் வகையில், கெட்டித்தன்மையைத் தாங்குவது பாலிமர் சேர்க்கைகள், ஓட ஓட அவை அறுபட்டு எண்ணெய் லேசாகிவிடும். 15டபிள்யூ-40-இல் அந்தச் சேர்க்கை குறைவு. வெப்பமான ஊரில் ஓடும் பழைய இன்ஜினுக்கு, கையேடு இடம் கொடுத்தால், 15டபிள்யூ-40 கெளரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

இரண்டு படி தாவுவது

கையேட்டில் 10டபிள்யூ-30 என்றிருந்தால் 10டபிள்யூ-40 அல்லது 15டபிள்யூ-40 வரை போகலாம். நேராக 20டபிள்யூ-50-க்குத் தாவினால் 40 டிகிரியில் 70 சென்டிஸ்டோக்ஸ் அளவில் இருந்த எண்ணெய் 160 அளவுக்குப் போய்விடும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஃபில்டரின் பைபாஸ் வால்வு திறந்து வடிகட்டாத எண்ணெய் ஓடலாம், மேலே காம்ஷாப்ட்டுக்கு எண்ணெய் சேரத் தாமதமாகும், மைலேஜும் குறையும்.

வால்வு கிளியரன்ஸை ஸ்க்ரூவால் வைக்கும் மாருதி 800 போன்ற எளிய இன்ஜின் இதை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். ஆயில் அழுத்தத்தில் இயங்கும் டேப்பெட், செயின் டென்ஷனர், மாறும் வால்வு டைமிங் இருக்கிற இன்ஜின் பொறுக்காது. ஹோண்டாவின் வி-டெக்கில் ராக்கரைப் பூட்டும் பின்னைத் தள்ளுவதே ஆயில்தான். கெட்டி ஆயிலில் அந்த வேலை தாமதமாகி செக் இன்ஜின் விளக்கு எரியலாம். சென்சாரை மாற்றுவார்கள், விளக்கு போகாது. 0டபிள்யூ-20 கேட்கும் இன்ஜினுக்கு 5டபிள்யூ-30 தான் முதல் படி, அதற்குமேல் அவசரம் வேண்டாம்.

பழைய கார்களின் கையேடுகளில் வெளி வெப்பநிலைக்கு ஏற்பப் பல கிரேடுகளைக் காட்டும் பட்டை அட்டவணை இருப்பதுண்டு. உங்கள் அடுத்த படி அதற்குள்ளேயே இருக்கலாம்.

மாற்றியபின் மறுபடி 1,000 கி.மீ. அளந்து பாருங்கள். 600 மில்லி 550 ஆனால் அந்தப் படி பயனற்றது. பழைய கிரேடுக்கே திரும்புங்கள், இன்னொரு படி ஏறாதீர்கள்.

பைக், லாரி, கியர் ஆயில்கள்

ஜாஸோ எம்.ஏ. என்ற ஜப்பானியத் தரக் குறி போட்ட 20டபிள்யூ-50 பைக் ஆயில், எண்ணெயிலேயே மூழ்கி ஓடும் கிளட்ச் வழுக்காமல் இருக்கச் செய்தது. காருக்கு அந்தக் குணத்தால் லாபமில்லை. சி.ஐ.-4 என்ற டீசல் தரக் குறியுள்ள லாரி ஆயிலில் சாம்பல் தரும் சேர்க்கைகள் அதிகம். ஆயில் எரியும் பெட்ரோல் இன்ஜினில் அந்தச் சாம்பல் வால்விலும் பிளக்கிலும் படியும், பாஸ்பரஸ் கேடலிட்டிக் கன்வர்ட்டரைக் கெடுக்கும். பெட்ரோல் காருக்கு டப்பாவில் ஏ.பி.ஐ. தரக் குறி எஸ்.என். அல்லது எஸ்.பி. என்று இருக்கிறதா பாருங்கள். எஸ்.பி. 2020-இல் வந்தது, பழைய தரங்களின் இடத்தில் தாராளமாக ஊற்றலாம்.

கியர் ஆயில் 90 கொஞ்சம் கலந்து கெட்டியாக்கும் வழக்கமும் இருக்கிறது. கியர் ஆயிலின் எண் அளவுகோலே வேறு. அந்த 90 இன்ஜின் அளவில் ஏறத்தாழ 40, 50 தான். அதாவது நினைத்த அளவு கெட்டித்தன்மைகூடக் கிடைக்காது. அதிலுள்ள கந்தகச் சேர்க்கை சூட்டில் செம்புக் கலவைப் பாகங்களை அரிக்கும் என்பது கூடுதல் பரிசு. டின்னில் வரும் "புகை நிறுத்தி" திரவங்களில் பெரும்பாலானவை வெறும் கெட்டிப் பாலிமர். வண்டியை விற்கும் நாளில் மட்டும் புகை நிற்கும்.

சின்னச் சின்னவை

"குடிக்கத்தானே போகிறது" என்று மேல் கோட்டுக்கு மேலே அரை லிட்டர் ஊற்றுவார்கள். கிராங்க் அந்த எண்ணெயை அடித்து நுரையாக்கி பிரீதர் வழியாகத் தள்ளும். அதுவும் எரிந்துதான் போகும். ஆயில் குடிப்பதை அதுவே கூட்டிவிடுகிறது.

வழியில் அவசரத்துக்கு வேறு பிராண்டு, வேறு கிரேடு கார் ஆயிலைச் சேர்க்கலாம். இன்ஜின் ஆயில்கள் ஒன்றோடொன்று கலக்கும்படியே தயாராகின்றன. எண்ணெய் குறைவாக வைத்து ஓட்டுவதுதான் ஆபத்து.

பல ஆண்டுக் கசடு உள்ள இன்ஜினில், உள்ளே கழுவும் ஃப்ளஷ் திரவம் ஊற்றினால், பெயர்ந்த கட்டி பம்ப்பின் சல்லடையை அடைக்கலாம்.

டர்போ டீசலாக இருந்தால் கிரேடைப் பேசுவதற்கு முன் இன்டர்கூலர் குழாயைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே எண்ணெய் தேங்கியிருந்தால் டர்போ சீல் போயிருக்கலாம். தள்ளிப்போட்டால் இன்ஜின் அந்த எண்ணெயையே எரிபொருளாக்கி அணையாமல் ஓடவும் கூடும்.

வால்வ் சீல் என்று உறுதியானால் பல இன்ஜின்களில் ஹெட்டை இறக்காமலே மாற்றலாம். பிளக் துளை வழியாகக் காற்றழுத்தம் கொடுத்தோ, நைலான் கயிற்றைத் திணித்து பிஸ்டனை மேலே கொண்டுவந்தோ வால்வு கீழே விழாமல் பிடித்துக்கொண்டு ஸ்பிரிங்கைக் கழற்றுவார்கள். ரிங் என்றால் இறக்கித்தான் ஆக வேண்டும். இறக்கும்போது போரை மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் அளக்கச் சொல்லுங்கள். தேய்ந்து முட்டை வடிவான போரில் புது ரிங் மட்டும் போட்டால் சில ஆயிரம் கிலோமீட்டரில் புகை திரும்பும். வேலை முடிந்தபின் மிச்சமிருக்கும் 20டபிள்யூ-50 டப்பாவை அந்த இன்ஜினுக்குக் காலி செய்ய வேண்டாம். கையேட்டு கிரேடு மினரல் ஆயில், 1,000 கி.மீ.யில் முதல் மாற்றம், ஃபில்டரும் சேர்த்து.